பெட்டி வியாபாரம்: பிரிப்பதா, விற்பதா, மூடுவதா?

செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கத்து வெள்ளிப் பட்டறைகளுக்குக் கணக்கு மென்பொருள் விற்று ஒரு சேலம் நிறுவனம் நல்ல லாபம் பார்க்கிறது. வீடுகளுக்கு விற்கும் மின்னணுக் கருவிகளில் அந்த லாபத்தில் பெரும்பகுதியைக் கரைத்துக்கொண்டும் இருக்கிறது. பெயர் இங்கே வேண்டாம். நடத்துவது ஒரு மாமாவும் மச்சானும். மாமா பணத்தைப் பார்ப்பவர், மச்சான் சர்க்யூட் வரைபவர். "பெட்டி வியாபாரத்தைத் தனிக் கம்பெனியா பிரிச்சு விட்டுட்டா நிம்மதி மாப்ளே" என்கிறார் மாமா. "பிரிச்சு விட்டா செத்துரும் மாமா, அதுக்கு இப்பவே மூடிரலாம்" என்கிறார் மச்சான். கம்ப்யூட்டர், யு.பி.எஸ். விநியோகத்தில் நீண்ட காலம் இருந்தவன் என்பதால் என்னிடம் கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். உலகப் பெரிய கம்பெனிகள் இதே முடிச்சில் மாட்டி, ஆளுக்கொரு விதமாக அவிழ்த்திருக்கிறார்கள். அந்தக் கதைகளை வைத்துப் பார்த்தால் நம்முடைய கணக்கு கொஞ்சம் தெளிவாகிறது.

முதலில் இரண்டு வியாபாரமும் எப்படிப்பட்டவை என்று பார்க்க வேண்டும். ஆசாரிக்குக் கொடுத்த வெள்ளி எவ்வளவு, கொலுசாகத் திரும்பி வந்தது எவ்வளவு, டச் (வெள்ளியின் சுத்தம்) என்ன, சேதாரம் என்ன, கூலி பாக்கி எவ்வளவு என்பதையெல்லாம் மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. ஒருமுறை எழுதியாயிற்று, வருடா வருடம் புதுப்பிப்புக் கட்டணம் வருகிறது. கூடவே மின்னணுத் தராசைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சின்னப் பெட்டி ஒன்றையும் லேபிள் பிரிண்டரையும் விற்கிறார்கள். இவையும் கருவிகள்தான், ஆனால் லாபத்தில் ஓடுகின்றன. வாங்குகிற பட்டறைக்காரர் விலையை அவ்வளவாகப் பார்ப்பதில்லை, கோளாறு வந்தால் போன் செய்து கூப்பிடுகிறார், அந்த வேலைக்குக் காசும் கொடுக்கிறார்.

நஷ்டம் வீட்டுக் கருவியில்தான். மேட்டூர்த் தண்ணீர் வரும் நாளில் சம்ப்பில் பிடித்து மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுகிற ஊர் இது. தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் வாட்டர் லெவல் கன்ட்ரோலருக்குத் தேவை இருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் போர் தண்ணீரையும் அதே தொட்டியில் கலக்கிறார்கள். உப்பு படிந்து சென்சார் கம்பி மூடிக்கொள்கிறது, கருவி தொட்டி காலி என்று நினைத்து மோட்டாரை ஓட்டுகிறது, அல்லது நிரம்பிவிட்டது என்று நினைத்து ஓட்ட மறுக்கிறது. வாரண்டியில் மாற்றித் தர வேண்டும். ஏற்காட்டில் தங்கும் விடுதிகளுக்கும் எஸ்டேட் வீடுகளுக்கும் விற்ற கருவிகள் கோடை மழை இடியில் போர்டு எரிந்து திரும்புகின்றன. ஐ.சி., ரிலே போன்ற உதிரிபாகங்களையெல்லாம் ரொக்கத்துக்கு வாங்கி, செய்த சரக்கை எலக்ட்ரிக்கல் கடைகளுக்கு மூன்று மாதக் கடனில் தள்ளுகிறார்கள். போதாததற்கு, ஆசையாக ஆரம்பித்த வைஃபை சுவிட்ச் ஒன்றும் இருக்கிறது. இணையத்தில் அதே மாதிரி பாதி விலைக்குக் கிடைக்கிறது.

ஆக, "ஹார்டுவேர் நஷ்டம்" என்று மாமா ஒரே வரியில் எழுதி வைத்திருப்பதற்குள் மூன்று பொருள் இருக்கிறது. தராசு இணைப்பு லாபம், தொட்டிக் கருவி திருத்தினால் தேறக்கூடியது, வைஃபை சுவிட்ச் தேறாது. இதைப் பிரித்துப் பார்க்காமல் கம்பெனியைப் பிரிக்கப் போவதில் அர்த்தமில்லை.

தனிக் கம்பெனியாகப் பிரித்தால்

மாமாவின் யோசனையை முதலில் எடுத்துக்கொள்வோம். இதில் எல்லோரும் படிக்க வேண்டிய பாடம் எச்.பி. நிறுவனத்துடையது. 2011 ஆகஸ்ட் 18 அன்று, அப்போதைய தலைவர் லியோ அப்போதெக்கர், தனிநபர் கம்ப்யூட்டர் பிரிவைத் தனியே பிரிப்பது பற்றி ஆலோசிப்பதாக அறிவித்தார். டச்பேட் என்ற டேப்லட் கருவியையும் அதே நாளில் கைவிட்டார்கள். மறுநாள் பங்கு விலை ஏறக்குறைய 20 சதவீதம் விழுந்தது. அடுத்த மாதமே அவர் வேலை போயிற்று. பிறகு வந்த மெக் விட்மன் கணக்குப் போட்டுப் பார்த்து, பிரிப்பதற்கான செலவும், சேர்த்து வாங்கும்போது கிடைக்கும் சலுகை போவதும் பெரிது என்று சொல்லி, அக்டோபரில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்.

கதை அதோடு முடியவில்லை. அதே எச்.பி., 2015 நவம்பர் 1 அன்று இரண்டாகப் பிரிந்தது. சர்வர், நிறுவன சேவைகள் எல்லாம் ஒரு பக்கம், கம்ப்யூட்டரும் பிரிண்டரும் இன்னொரு பக்கம். 2011-ல் ஆகாத காரியம் 2015-ல் எப்படி ஆயிற்று? பல காரணம் சொல்லலாம். எனக்குப் பட்டது இதுதான். முதல் முறை, லாபம் குறைந்த கம்ப்யூட்டர் பிரிவை மட்டும் தனியே அனுப்பப் பார்த்தார்கள். இரண்டாவது முறை, மை விற்றுக் கொழுத்த காசு பார்க்கும் பிரிண்டர் பிரிவையும் கூடவே அனுப்பினார்கள். நொண்டிப் பிள்ளையைத் தனிக்குடித்தனம் வைக்கிறபோது சம்பாதிக்கிற ஒருத்தரைக் கூட அனுப்பின மாதிரி.

இதை மாமாவிடம் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை. தொட்டிக் கருவியையும் வைஃபை சுவிட்சையும் மட்டும் வெளியே அனுப்பி, தராசு இணைப்பைத் தன்னோடு வைத்துக்கொள்ள நினைக்கிறார். அப்படிச் செய்தால் அதற்குப் பெயர் பிரிப்பு அல்ல, நாள் கடத்தி மூடுவது.

சட்டப் பக்கமும் அவர் நினைப்பதுபோல் லேசானதல்ல. பிரிப்பதற்கு 2013 கம்பெனிச் சட்டத்தில் இரண்டு வழி. ஒன்று, சென்னையிலுள்ள தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போவது. இன்னொன்று, சிறு கம்பெனிகளுக்கான விரைவு வழி. அதில் தீர்ப்பாயம் தேவையில்லை. ஆனால் 90 சதவீதப் பங்கு வைத்திருப்போர் ஒப்ப வேண்டும், கடன் கொடுத்தவர்களில் தொகை அளவில் பத்தில் ஒன்பது பங்கினரும் சம்மதிக்க வேண்டும். பங்கு இவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, பிரச்சினையில்லை. கடன் பெரும்பாலும் வங்கியுடையது. லாபம் வரும் மென்பொருளை நம்பிக் கொடுத்த கடனில் ஒரு துண்டை நஷ்டக் கம்பெனிக்கு மாற்ற வங்கி சும்மா சம்மதிக்காது. மாமாவின் சொந்த ஜாமீனைக் கேட்கும். அவர் கையெழுத்துப் போட்ட நிமிடத்தில் "நமக்கு நிம்மதி" என்பது காகிதத்தில் மட்டும்தான் மிஞ்சும்.

வரிக் கணக்கு இன்னும் நுட்பம். இப்போது எல்லாம் ஒரே கம்பெனி என்பதால், கருவிப் பிரிவின் நஷ்டம் மென்பொருள் லாபத்தில் கழிந்துவிடுகிறது. அந்த அளவுக்கு வரி குறைகிறது. முறைப்படி பிரித்தால், அதாவது அந்தப் பிரிவின் சொத்தும் கடனும் முழுதாகப் போய், பழைய பங்குதாரர்களுக்கே புதுக் கம்பெனிப் பங்கும் கிடைத்தால், பிரிப்பதற்கென்று தனியாக வருமான வரி விழாது. அந்தப் பிரிவில் கழிக்காமல் மீதியிருக்கும் பழைய நஷ்டம் ஏதாவது இருந்தால் அதுவும் கூடவே போகும். ஆனால் அதையும் அங்கே இனி வரும் நஷ்டத்தையும் கழிக்க அங்கேயே லாபம் வேண்டுமே? எட்டு வருடத்துக்குள் லாபம் வராவிட்டால் அந்த வியாபார நஷ்டம் கணக்கில் காலாவதியாகிவிடும். இங்கே மென்பொருள் கம்பெனி முழு லாபத்துக்கும் வரி கட்டிக்கொண்டிருக்கும். இந்த ஒரு வரியைப் பார்த்ததும் மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிரிந்து பிழைத்த கதையும் உண்டு. சோனி தன் வயோ லேப்டாப் பிரிவை 2014-ல் ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் கொடுத்து, 5 சதவீதத்தை மட்டும் வைத்துக்கொண்டது. ஜூலை 1-ல் பிறந்த புதுக் கம்பெனி நாகானோ மாநிலத்து அசுமினோவில், ஏறக்குறைய 240 பேரோடு தொடங்கியது. முதலில் ஜப்பானில் மட்டும் விற்றார்கள். வீட்டு வாடிக்கையாளரைத் துரத்துவதை விட்டு அலுவலகங்களுக்கு விற்கத் திரும்பினார்கள். 2024 கடைசியில் நோஜிமா என்ற ஜப்பானியக் கடைத்தொடர் அதன் பெரும்பான்மைப் பங்கை வாங்க முன்வந்தது. பத்து வருடம் தாக்குப் பிடித்தது சும்மா இல்லை. ஆனால் எப்படித் தாக்குப் பிடித்தது? ஆளைக் குறைத்து, நாடுகளைக் குறைத்து, பொருளைக் குறைத்து. சேலத்தில் வயோ வாங்கி வைத்திருந்தவர்களுக்குப் புதிய வயோ கம்பெனியால் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை. பழைய கருவிகளின் சர்வீஸ் பொறுப்பு சோனியிடமே இருந்தது.

விற்றால்

விற்பதில் இரண்டு எதிர்க் கதைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

ஐ.பி.எம். தன் கம்ப்யூட்டர் பிரிவை லெனோவாவுக்கு விற்பதாக 2004 டிசம்பரில் அறிவித்து 2005 மே மாதம் முடித்தது. விலை 125 கோடி டாலர். அதில் ஒரு பகுதியைப் பங்காகவே வாங்கி, லெனோவாவில் 18.9 சதவீதத்தை ஐ.பி.எம். வைத்துக்கொண்டது. ஏறக்குறைய 10,000 ஊழியர்கள் கூடவே போனார்கள், திங்க்பேட் பெயரும் போனது. ஐ.பி.எம். பெயரையும் சில காலம் போட்டுக்கொள்ள அனுமதித்தார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், விற்ற பிறகும் சர்வீஸ் வேலையை ஐ.பி.எம். ஆட்களே பார்த்தார்கள். அதனால் வாங்கியவர் அலுவலகத்தில் அடுத்த நாள் எதுவும் மாறவில்லை. அந்தப் பழைய கறுப்புப் பெட்டியை இன்றும் நம் ஊரில் செகண்ட் ஹேண்டில் தேடி வாங்குகிறார்கள்.

தோஷிபா 1985-லேயே லேப்டாப் விற்றவர்கள், அந்தத் தொழிலின் முன்னோடி என்றே சொல்லலாம். 2015-ல் கணக்கு மோசடி வெளியே வந்தது, அடுத்து அமெரிக்க அணு உலைத் தொழிலில் பெரும் நஷ்டம். இடையில் புஜித்சு, வயோ இரண்டோடும் சேர்ந்து ஒரே கம்பெனி ஆகலாம் என்று பேசினார்கள், அதுவும் நடக்கவில்லை. கடைசியில் 2018-ல், 80.1 சதவீதப் பங்கை ஷார்ப் நிறுவனத்துக்கு ஏறக்குறைய 400 கோடி யென்னுக்குக் கொடுத்தார்கள். நம் பணத்தில் சுமார் 250 கோடி ரூபாய். உலகமெங்கும் தெரிந்த பெயருக்கு அது ஒரு விலையா? இப்போது அதன் பெயர் டைனாபுக். ஐ.பி.எம். விற்றது கை நிமிர்ந்திருந்தபோது, தோஷிபா விற்றது கழுத்துக்குத் தண்ணீர் வந்த பிறகு. விலையில் உள்ள வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம் என்பேன்.

விற்பதில் இன்னொரு ஆபத்தை நாம் தொலைவில் தேட வேண்டாம், ஸ்ரீபெரும்புதூரிலேயே பார்த்தோம். நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாப்ட் 544 கோடி யூரோவுக்கு வாங்கிய ஒப்பந்தம் 2014 ஏப்ரலில் முடிந்தது. ஆனால் ஸ்ரீபெரும்புதூர் ஆலையின் மேல் வரி வழக்கு இருந்ததால் அந்த ஆலை மட்டும் ஒப்பந்தத்தில் சேரவில்லை. மைக்ரோசாப்டுக்குச் செய்து கொடுக்கும் ஆர்டர் நின்றது, 2014 நவம்பர் 1-ல் ஆலையும் நின்றது. ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்கள் வீட்டுக்குப் போனார்கள். பல வருடம் கழித்து சால்காம்ப் என்ற சார்ஜர் கம்பெனி வந்துதான் அந்தக் கட்டடத்தில் மறுபடி விளக்கு எரிந்தது. வாங்குபவர் நல்லதை எடுத்துக்கொண்டு வழக்குள்ளதை விட்டுப் போவார் என்பதற்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் கிடைக்காது. இவர்களுக்கும் ஒரு பழைய ஜி.எஸ்.டி. நோட்டீஸ் இருக்கிறது. அதை முடிக்காமல் யாரிடமும் விலை பேச உட்கார வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

பெயரை மட்டும் வாடகைக்கு விட்டால்

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இவர்களுக்கு இது ஒத்துவராது. பெயருக்குப் பெரிய மதிப்பு இருக்கிறவர்களுக்கான வழி இது. பிலிப்ஸ் தன் வீட்டு உபயோகப் பிரிவை 2021-ல் ஹில்ஹவுஸ் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றபோது, பிலிப்ஸ் பெயரை 15 வருடம் போட்டுக்கொள்ள உரிமையும் கொடுத்தது. அந்தப் பிரிவுக்கு இப்போது வெர்சுனி என்று பெயர். பிலிப்ஸ் 2011-ல் வாங்கியிருந்த நம்ம சென்னை ப்ரீத்தி மிக்சியும் அதோடு போய்விட்டது. எத்தனை வீட்டில் இது தெரியும்? யாருக்கும் தெரியாமல் மாறியதுதான் அதன் வெற்றி. ஆனால் அது லாபத்தில் ஓடிய பிரிவு. கஷ்டத்தில் இருந்த பிளாக்பெர்ரி 2016-ல் கைபேசி செய்வதை நிறுத்திவிட்டு டி.சி.எல். நிறுவனத்துக்குப் பெயரைக் கொடுத்தது. 2020 ஆகஸ்டோடு டி.சி.எல். விற்பதை நிறுத்திக்கொண்டது.

இன்னொன்று, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வேறொருவர் செய்த பொருளில் தன் முத்திரையைப் போடுபவரும் போடச் செய்பவரும் உற்பத்தியாளர் என்றே கணக்கு. எங்கோ செய்த சுவிட்சில் இவர்கள் பெயர் இருந்து, அது ஷார்ட் ஆகி ஒரு வீட்டில் தீப்பிடித்தால் வழக்கு இவர்கள் வாசலுக்கும் வரும். ஏதோ ராயல்டி வருகிறதே என்று இதில் இறங்க வேண்டாம்.

மூடினால்

மூடுவதைத் தோல்வி என்று நினைக்கிறார்கள். எல்.ஜி. அதை ஒழுங்காகச் செய்து காட்டியது. தொடர்ந்து 23 காலாண்டுகள் நஷ்டம், மொத்தம் 450 கோடி டாலர் அளவுக்கு. 2021 ஏப்ரல் 5-ல் கைபேசித் தொழிலை விட்டு விலகுவதாகச் சொன்னார்கள், ஜூலை இறுதியில் முடித்தார்கள். அறிவித்த கையோடு, உயர்விலை போன்களுக்கு வாங்கிய வருடத்திலிருந்து மூன்று ஆண்ட்ராய்டு புதுப்பிப்புகள் வரை தருவோம் என்றும் சொன்னார்கள். டிவியும் பிரிட்ஜும் அதே பெயரில் விற்க வேண்டியிருந்தது அல்லவா, பெயரைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் அவர்களுக்கு. பட்டறைக்காரரிடம் மென்பொருள் விற்கும் இவர்களுக்கும் அதே அவசியம்தான். கொலுசுப் பட்டறை முதலாளியின் வீட்டு மாடியில்தான் அந்தத் தொட்டிக் கருவி மாட்டியிருக்கிறது. அது பழுதாகி யாரும் வரவில்லை என்றால், மென்பொருள் புதுப்பிப்புப் பணத்தை அவர் சந்தோஷமாகக் கொடுக்க மாட்டார்.

எது பேசினாலும் வெளியே கசியாமல் பேச வேண்டும் என்பதையும் சொன்னேன். 2019-ல் சேலம் உருக்காலையை விற்க விருப்ப மனு கேட்டபோது வாசலில் போராட்டம் நடந்ததைப் பார்த்த ஊர் இது. "விக்கப் போறாங்களாம்" என்ற ஒரு சொல் போதும், கடைக்காரர் பாக்கியை நிறுத்திவிடுவார், நல்ல டெக்னீஷியன் ஓசூருக்கு வேலை தேடிப் போய்விடுவார். எச்.பி.யில் நடந்ததும் இதுவே. முடிவு எடுப்பதற்கு முன்பே ஆலோசனையை அறிவித்தார்கள், மற்ற கம்பெனிக்காரர்கள் அதை வைத்தே விற்றார்கள்.

என் தீர்ப்பு

எல்லாக் கதையிலும் நான் பார்ப்பது ஒரே விஷயம்: பிரிவோடு கூடப் போனது என்ன? ஆட்கள், டிசைன், உதிரிபாகம், சர்வீஸுக்கு ஓர் ஏற்பாடு, கையில் காசு இவையெல்லாம் கூடப் போனால் எந்தப் பெயரில் போனாலும் பிழைக்கிறது. பெயர்ப் பலகை மட்டும் போனால் பிழைப்பதில்லை. பிரிப்பதா விற்பதா என்ற கேள்வி இதற்கு அடுத்ததுதான்.

அதன்படி, வைஃபை சுவிட்சை உடனே மூடலாம். இருக்கிற சரக்கை விலை குறைத்துத் தள்ளாமல், வாரண்டி மாற்றுக்கு வைத்துக்கொள்ளட்டும். தொட்டிக் கருவியை விற்க வேண்டும், ஆனால் முதலீட்டாளரிடம் அல்ல, கோயம்புத்தூர்ப் பக்கம் மோட்டார் ஸ்டார்ட்டர் பேனல் செய்கிற யாராவது ஒருவரிடம். மோட்டார் விற்கும் கடைகளோடு அவருக்கு ஏற்கெனவே தொடர்பு இருக்கிறது. இந்தக் கருவியை அவர் தன் பேனலுக்குள்ளேயே வைத்து விற்கலாம், தனிப் பெட்டி, தனி அட்டை, தனி விநியோகச் செலவு எதுவும் கிடையாது. இவர்களுக்கு நஷ்டம் தந்த அதே பொருள் அவருக்கு லாபம் தரும். மச்சான் மாற்றி வரைந்திருக்கும் புது சென்சார், உப்பு படிவதைக் குறைக்கக் கம்பியில் நேர்மின்சாரத்துக்குப் பதில் மாறுமின்சாரம் விடுகிற வகை, அந்தப் பேரத்தில் இவர்கள் கையிலுள்ள நல்ல சீட்டு. அது சோதித்து முடியும் முன் விற்றால் தோஷிபா விலைதான் கிடைக்கும்.

பிரித்தே தீர வேண்டும் என்று மாமா பிடிவாதம் பிடித்தால், தராசு இணைப்பு வியாபாரமும் கூடவே போக வேண்டும், அது இல்லாமல் வேண்டாம். மச்சான் அங்கே முழு நேர முதலாளியாக உட்கார வேண்டும். கடைப் பாக்கி வராவிட்டாலும் தாங்குகிற அளவுக்குப் பணத்தை முதல் நாளே போட்டுவிட வேண்டும். இதற்கெல்லாம் மாமா தயாரில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. இப்படியே வைத்துக்கொண்டு திருத்துவது என்கிற வழியும் இருக்கிறது, மச்சானுக்கு உள்ளூர அதுதான் ஆசை. எனக்கு நம்பிக்கையில்லை. மென்பொருள் வேலைக்கு வேண்டிய மச்சானின் நேரத்தை எரிந்த போர்டுகள் தின்றுகொண்டிருக்கின்றன, அந்த நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

பேனல்காரர் ஒருவரிடம் பேச்சு ஆரம்பித்திருக்கிறது. டிசைனும் கடைப் பட்டியலும் கேட்கிறார், ஏற்கெனவே விற்ற கருவிகளின் வாரண்டி மட்டும் வேண்டாம் என்கிறார். விலையில் கொஞ்சம் இறங்கியாவது அந்தப் பொறுப்பை அவர் தலையிலேயே கட்டிவிடலாம் என்று மாமா பார்க்கிறார். நான் சொன்னது வேறு. பழைய வாரண்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அதற்கென்று ஒரு தொகையை இப்போதே வங்கியில் ஒதுக்குங்கள், அதைக் காட்டி விலையைக் கூட்டிக் கேளுங்கள். இதற்கு இருவரும் சம்மதித்துவிட்டார்கள். ஏற்காட்டுக் கருவிகளில்தான் இன்னும் இழுபறி. புதிதாக விற்பவற்றுக்குக்கூட, மலைக்கு மேலே வந்து பார்ப்பதென்றால் தனிக் கட்டணம் என்கிறார் கோவைக்காரர். அப்படியானால் மலையில் விற்கும் உரிமையை மட்டும் எங்களிடமே விடுங்கள் என்று மச்சான் பதில் எழுதியிருக்கிறார்.